எண்பத்தேழாம் கேள்விக்குப் பூஜ்யம்

ஜாவாவின் வடகரையில் சின்ன வெங்காயம் போடுகிறவர்களுக்கு மழை எப்போது வரும், புழு எப்போது வரும் என்பதெல்லாம் ஓரளவு தெரியும். விலை எங்கிருந்து வருகிறது என்பதுதான் நெடுநாள் தெரியாமல் இருந்தது. அந்தக் குறையைப் போக்க அரசாங்கம் பட்டணத்தில் இரண்டு மாடிக் கட்டடம் எழுப்பி, நான்கு ஏசி மாட்டி, 'விளைபொருள் விலை ஆய்வு வாரியம்' என்று பலகை வைத்தது. அன்று முதல் விலை அங்கிருந்து வருகிறது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு எல்லோர் கைபேசியிலும் வந்து விழும். பயிர் வைக்க எவ்வளவு செலவாயிற்று என்று வாரியம் ஆய்ந்து, அதன்மேல் நூற்றுக்குப் பத்து சேர்த்து, "இது நியாய விலை" என்று அறிவிக்கும். அதற்கு மேலே ஒரு ரூபியா கொடுத்தாலும் வியாபாரிக்கு உரிமம் போய்விடும்.

கரங்சாரி ஊருக்கு வரும் வியாபாரி சுவாண்டிக்கு இதில் மிகுந்த நிம்மதி. முன்பெல்லாம் விலையைக் குறைக்க அவன் தொண்டை வறளப் பேச வேண்டியிருந்தது. இப்போது கைபேசியைத் தூக்கிக் காட்டினால் போதும்.

"நான் குறைக்கல அக்கா," என்பான். "விஞ்ஞானம் குறைக்குது."

போன போகத்தில் விஞ்ஞானம் கிலோவுக்கு ஒன்பதாயிரத்து நானூறு ரூபியா கொடுத்தது. அவ்வூரில் குத்தகைக்குப் பயிர் வைக்கும் கர்சினி அந்த விலைக்கு விற்று, கைச்செலவுக்குப் போதாமல், விதைக்கு எடுத்து வைத்திருந்ததில் பாதியையும் விற்றாள். அதனால் இந்த முறை குத்தகை நிலத்தில் பாதியில்தான் நட முடிந்தது. இதுவும் அதே விலைக்குப் போனால் மீதி விதையும் சுவாண்டியின் லாரியில் ஏறிவிடும். விதை இல்லாதவளுக்கு யார் நிலத்தைக் குத்தகைக்கு விடுவார்கள்? நாற்பத்தெட்டு வயதில் அடுத்தவர் பாத்தியில் கூலிக்குக் குனிய வேண்டியதுதான்.

நட்டு ஐந்தாம் நாள் வாரியத்திலிருந்து கணக்கெடுப்பாளர் பாக் இம்ரோன் வந்தார். அங்கே ஆண்களைப் 'பாக்' என்றும் பெண்களை 'இபு' என்றும் அழைப்பது வழக்கம். பலகை போன்ற கருவி ஒன்றை மார்போடு அணைத்திருந்தார். இருநூற்றுப் பன்னிரண்டு கேள்விகள். உரம், மருந்து, பூச்சி வலை, வாய்க்கால் பலகை என்று ஒவ்வொன்றாக விலை போட்டுக்கொண்டு வந்தார்.

"எண்பத்தாறு. வாத்து இருக்கா?"

"ஆறு இருக்கு."

"என்ன தின்னும்?"

"தவிடு. அப்புறம் வாய்க்கால் நத்தை."

தவிட்டுக்கு விலை போட்டார். நத்தை சும்மா கிடைப்பது என்று கர்சினி சொல்லியும் கேளாமல் நத்தைக்கும் விலை போட்டார்.

"எண்பத்தேழு. சொந்தக்காரர் உழைப்பு. நிலத்துல யார் யார் வேலை செய்றது?"

"நானும் என் வீட்டுக்காரரும்தான். அவர் காலைலயும் சாயங்காலமும் வாய்க்கால்ல நின்னு தண்ணி வாரி இறைப்பார். நான் விடியறப்ப இறங்கினா உச்சி வெயில் வரைக்கும் புழு பொறுக்குவேன், பாக். இலை இலையா. அறுபது நாளும்."

பாக் இம்ரோன் விரலால் ஒரே ஒரு தட்டுத் தட்டினார். கர்சினி எட்டிப் பார்த்தாள். ஊராட்சி அலுவலகத்தில் பெரியவர்களுக்கு நடத்திய வகுப்பில் மூன்று வருஷத்துக்கு முன்புதான் அவள் எழுத்துக் கற்றாள். காலம் தாழ்ந்து கற்றவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எழுத்து என்று எதைக் கண்டாலும் வாசிக்காமல் விட மாட்டார்கள்.

"பூஜ்யம் போட்டிருக்கீங்களே, பாக்?"

"ஆமா, இபு. நீங்க கூலி வாங்குனீங்களா?"

"யார்கிட்ட?"

"அதைத்தான் நானும் கேக்குறேன்."

"என்கிட்ட நானே எப்படி வாங்குறது?"

"வாங்கலையில்ல? அப்ப செலவில்ல. செலவில்லன்னா விலையில வராது."

"வாத்துக்கு எழுதுனீங்களே?"

"வாத்து உற்பத்திச் சாதனம், இபு."

"அப்ப நான்?"

பாக் இம்ரோன் கருவியில் மேலேயும் கீழேயும் தேடினார். இருநூற்றுப் பன்னிரண்டு கேள்வியிலும் அதற்கு இடமில்லை.

"நீங்க பதில் சொல்றவங்க," என்றார்.

இரண்டு நாள் கழித்து கர்சினி, அடுத்த வீட்டு வஸ்ரோவைக் கூட்டிக்கொண்டு பட்டணத்துக்குப் போனாள். வஸ்ரோவைத் துணைக்குக் கூட்டிப் போவது அரிவாளை மடியில் கட்டிப் போவது மாதிரி. வாரியத்தின் இயக்குநர் பாக் குஸ்னந்தாரின் அறை வாசலில் அவர் பெயர்ப் பலகை இருந்தது. பெயருக்கு முன்னால் மூன்று பட்டம், பின்னால் நான்கு. பலகை நீளமாகப் போனதால் கதவை முழுக்கத் திறக்க முடியாது. பக்கவாட்டில்தான் நுழைய வேண்டும்.

உள்ளே மூலையில் கண்ணாடி போட்ட அம்மாள் ஒருத்தி தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். இயக்குநர் எழுந்து நின்று பேசினார். இரண்டே பேர் இருந்தாலும் நின்று பேசுவதுதான் அவர் வழக்கம்.

"இபு, நீங்க வெங்காயத்தை உற்பத்தி பண்றீங்க. நாங்க விலையை உற்பத்தி பண்றோம். ரெண்டுல எது கஷ்டம், சொல்லுங்க? வெங்காயம் அறுபது நாள்ல தானா வந்துடும். ஒரு விலை வரணும்னா எனக்கு மூணு குழு உக்காரணும்."

"வெங்காயம் தானா வருதா?" என்றாள் வஸ்ரோ. "அப்ப என் இடுப்பு எதுக்கு பாக் வலிக்குது?"

இயக்குநர் கையைத் தூக்கினார். "பாருங்க, பொண்டாட்டி புருஷனுக்காகச் செய்றது அன்பு. அம்மா பிள்ளைக்காகச் செய்றது அன்பு. அன்புக்குப் போய் நான் விலை போடட்டுமா? போட்டா நான் மனுஷனா? உங்க வியர்வையைக் கணக்குல எழுதி ஒருநாளும் கேவலப்படுத்த மாட்டேன். அந்தப் பூஜ்யம் வாரியம் உங்களுக்குச் செய்ற மரியாதை."

மூலையில் தட்டச்சு ஓசை ஒரு நொடி நின்றது. பிறகு தொடர்ந்தது.

இருவருக்கும் ஆளுக்கொரு நாட்காட்டி கொடுத்தார்கள். பன்னிரண்டு மாதத்துக்கும் இயக்குநரின் படம். ஜூலையில் மட்டும் தொப்பி வைத்திருந்தார்.

திரும்பும் வண்டியில் வஸ்ரோ நாட்காட்டியால் விசிறிக்கொண்டே சொன்னாள். "அன்புதான் அவனுக்குப் பிரச்சினைன்னா விடுடி. நீ என் பாத்தியில இறங்கு. நான் உன் பாத்தியில இறங்குறேன். கூலி கொடுத்துக்குவோம். எனக்கு உன் மேல ஒரு அன்பும் கிடையாது."

"எனக்கும்தான்," என்றாள் கர்சினி.

மறுநாளிலிருந்து கரங்சாரியில் யாரும் தன் நிலத்தில் இறங்கவில்லை. இருபத்தாறு வீட்டுக்காரர்களும் ஒரு வீடு தள்ளி அடுத்த நிலத்தில் வேலை செய்தார்கள். ஒரே ஐம்பதாயிரம் ரூபியா நோட்டு காலையில் கர்சினியிடமிருந்து வஸ்ரோவுக்குப் போய், வீடு வீடாகச் சுற்றி, சாயங்காலத்துக்குள் கர்சினியிடமே வந்து சேர்ந்தது. வீட்டுக்கு வீடு ரசீது எழுதி முத்திரை வில்லை ஒட்டினார்கள். வேலையில் ஒரு மாற்றமும் இல்லை. அதே புழு, அதே வெயில். நோட்டு மட்டும் கசங்கிப் போயிற்று.

பாக் இம்ரோன் வந்து ரசீதுகளை எல்லாம் கருவிக்குள் ஏற்றினார். நியாய விலை பதினாறாயிரத்து இருநூறு என்று வந்தது. கருவியை அணைத்துப் போட்டுப் பார்த்தார். துடைத்துப் பார்த்தார். நிழலில் வைத்துப் பார்த்தார். பதினாறாயிரத்து இருநூறு அப்படியே நின்றது.

வாரியம் அவசரமாகக் கூடியது. பதினொரு பேர் கூடிய கூட்டத்துக்கு நாற்பது பலகாரப் பெட்டிகள் வாங்கினார்கள். இரண்டாவது பெட்டி தீரும்போது இயக்குநருக்கு விடை கிடைத்துவிட்டது. வஸ்ரோ, கர்சினியின் புருஷனுக்கு அத்தை மகள். இருபத்தாறு வீடும் இப்படி எங்கோ ஓரிடத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் இருந்தது. "உறவினர்களும் குடும்பமே. குடும்ப உழைப்புக்குச் செலவில்லை. இது வாரியம் செய்யும் மரியாதை" என்று சுற்றறிக்கை வந்தது. திங்கட்கிழமை விலை ஒன்பதாயிரத்து நானூறு.

கரங்சாரிப் பெண்கள் அடுத்த ஊரான பூலோசாரிப் பெண்களோடு வேலையை மாற்றிக்கொண்டார்கள். விடியற்காலையில் இந்த ஊர்க்காரிகள் அந்த ஊருக்கும் அந்த ஊர்க்காரிகள் இந்த ஊருக்கும் நடந்தார்கள். பாதி வழியில், பாலத்தில், ஒருத்திக்கொருத்தி வழிவிட்டுக்கொண்டு போனார்கள். விலை மறுபடி பதினாறாயிரத்து இருநூறு என்று வந்ததும் பாக் இம்ரோன் கருவியைத் தரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"குடும்பம் என்றால் என்ன என்பதை இறுதியாக வரையறுக்கும் பொதுக்கூட்டம்" என்று வாரியம் துணியில் எழுதிக் கட்டியது. நட்டு முப்பதாம் நாள். கர்சினி முதல் வண்டியில் போய்விட்டாள். கூட்டத்துக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் இருந்த அறிவிப்புகளை எல்லாம் எழுத்துக்கூட்டி வாசித்தாள். வாசிக்க ஒன்றும் மிச்சமில்லாமல் போனபோது காதைக் கொடுத்தாள்.

பாக் இம்ரோன் உள்ளே வந்து, தட்டச்சு அம்மாளிடம், "அக்கா, அத்தான் வந்தாச்சா?" என்றார். ஓட்டுநர் வந்து, "மாமா சாவியை எங்க வச்சார்?" என்றான். கணக்கர் இயக்குநரைச் சித்தப்பா என்றார். பலகாரப் பெட்டி கொண்டுவந்தவள் கணக்கரை மச்சான் என்றாள். கர்சினி விரல் கணுவில் எண்ணினாள். பதினொரு பேர். பதினொன்றும் ஒரே கல்யாணத்தில் ஒரே பந்தியில் உட்காரக்கூடியவர்கள்.

தட்டச்சு செய்கிற இபு ரெத்னோ இயக்குநரின் மனைவி.

"இந்த அறிக்கையெல்லாம் நீங்கதான் எழுதுறீங்களா, இபு?" என்று கேட்டாள் கர்சினி.

"எழுதுறேன். பேரு அவர் பேரு."

"சம்பளம்?"

"அவர் கணக்குல சேர்ந்து போயிடும்."

"அப்ப உங்களுக்கு?"

இபு ரெத்னோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அன்பு," என்றாள்.

கூட்டத்தில் இயக்குநர் ஒரு மணி நேரம் பேசினார். குடும்பமே நாட்டின் தூண் என்றார். "அன்னிய ஆளை நம்பி எந்தக் காரியமும் ஆகாது. சொந்த பந்தம் கூடிச் செய்றதுதான் சுத்தமான வேலை. என் வாழ்க்கையே அதுக்குச் சாட்சி!" முன்வரிசையில் பத்துப் பேர் கைதட்டினார்கள்.

கர்சினி கையைத் தூக்கினாள். "எனக்கு ஒரு சந்தேகம், பாக். பொண்டாட்டி குடும்பம்தானே?"

"அதிலென்ன சந்தேகம்?"

"பொண்டாட்டியோட தம்பி?"

இயக்குநர் சிரித்தார். இந்தப் பெண்பிள்ளை எந்தச் சந்து வழியாக நழுவப் பார்க்கிறாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. "மச்சினனும் குடும்பம்தான். எழுது, ரெத்னோ."

"மருமகன்?"

"குடும்பம்!"

"அண்ணன் மகன்? அவனுக்குக் கொழுந்தியா முறை ஆகிறவ?"

"குடும்பம்! ஒருத்தரும் தப்ப முடியாது, இபு. ஒரே கல்யாணத்துக்குப் பத்திரிகை வாங்கினவங்க அத்தனை பேரும் குடும்பம்."

பூலோசாரிக்கும் கரங்சாரிக்கும் கொள்வினை கொடுப்பினை உண்டு. முன்வரிசை மறுபடி கைதட்டியது.

"இது வெங்காயத்துக்கு மட்டுமா, பாக்?" என்றாள் கர்சினி. "நாளைக்கு நாங்க மிளகாய் போட்டா தப்பிச்சுக்குவோமே?"

"விடுவேனா? இந்த மாவட்டத்துல எதை உற்பத்தி பண்ணாலும் சரி, யார் பண்ணாலும் சரி. விலக்கே கிடையாது!"

இபு ரெத்னோ தட்டச்சிலிருந்து கையை எடுத்தாள். கர்சினியை ஒருமுறை பார்த்தாள். "யார் பண்ணாலும்னு போடட்டுமாங்க?"

"சொன்னதை அடி. யோசிக்கிறது உன் வேலையில்ல."

அவள் அடித்தாள். அவர் அங்கேயே கையெழுத்திட்டு முத்திரை குத்தினார்.

மாகாணத் தலைநகரிலிருக்கும் தணிக்கை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுத கர்சினிக்கு மூன்று நாள் பிடித்தது. ஒவ்வொரு எழுத்தும் நாற்று நடுவது போலத் தனித்தனியாக நின்றது. 'ஐயா, எங்கள் ஊர் விலை வாரியம் விலை உற்பத்தி செய்கிறது. இயக்குநரே சொன்னார். அங்கே வேலை செய்வது பதினொரு பேரும் சொந்தம். சொந்தக்காரர் உழைப்புக்குச் செலவில்லை என்ற உத்தரவை இத்துடன் வைத்திருக்கிறேன். அவர்களுக்குச் சம்பளம் கொடுத்து யாரோ கேவலப்படுத்துகிறார்கள். நிறுத்தவும். கர்சினி, கரங்சாரி.'

இரண்டு வாரம் கழித்துத் தணிக்கையாளர் வந்தார். பாக் சிம்போலோன், சுமத்ரா தீவின் பாத்தாக் இனத்தவர். அவர் இனத்தில் இரண்டு பேர் முதன்முதலாகச் சந்தித்தால், ஏழு தலைமுறை தோண்டி யாருக்கு யார் என்ன முறை என்று கண்டுபிடித்த பிறகுதான் காப்பி குடிப்பார்கள். வாரியத்தில் அவர் ஒரு கணக்குப் புத்தகத்தையும் திறக்கவில்லை. நலம் விசாரித்துக்கொண்டே போனார். உங்கள் தாயார் யார், அவருக்கு அண்ணன் உண்டா, உங்கள் திருமணத்தில் பெண் வீட்டுப் பக்கம் யார் நின்றது என்று பரிவாகக் கேட்டார். இத்தனை அன்பாக விசாரிக்கிறாரே என்று எல்லோரும் போட்டி போட்டுச் சொன்னார்கள். மத்தியானத்துக்குள் வெள்ளைப் பலகையில் பதினொரு பெயரும் கோடு இழுத்து ஒரே மரமாக நின்றது.

"இந்த அலுவலகம் என்ன உற்பத்தி பண்ணுது, பாக்?" என்று கடைசியாகக் கேட்டார்.

"விலை!" என்றார் இயக்குநர் நெஞ்சை நிமிர்த்தி.

"அப்ப உற்பத்தி. செய்றவங்க சொந்தக்காரங்க. உங்க உத்தரவுப்படி உழைப்புச் செலவு பூஜ்யம்." அவர் பேனாவை மூடினார். "உத்தரவு தேதியிலேருந்து சம்பளம் நிறுத்தப்படுது. அதுக்கு முன்னால வாங்கினதை அப்புறம் பார்ப்போம்."

"இது வெங்காயக்காரங்களுக்குப் போட்ட உத்தரவு!"

"'யார் பண்ணாலும்'னு இருக்கு. கையெழுத்து உங்களுதுதானே?"

"நாங்க உழைக்கிறோம், பாக்! காலைலேருந்து!"

"கூலி வாங்காம உழைக்கிறதுக்குப் பேரு என்னமோ எழுதியிருக்கீங்களே," என்று பாக் சிம்போலோன் தாளைப் புரட்டினார். "ஆங். மரியாதை."

ஒரே ஒரு வழி சொல்லிவிட்டுப் போனார். இந்தப் பதினொரு பேரும் உறவே இல்லை என்று புகார் கொடுத்தவரே கையெழுத்திட்டால் மறுபடி பரிசீலிக்கலாம்.

அறுபதாம் நாள் திங்கட்கிழமை. வெங்காயம் முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்தது. கூலிக்கு வந்த பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வெங்காயத்தாளை அரிந்துவிட்டு வெங்காயத்தைக் கூடையில் போட்டார்கள். சுவாண்டி தராசோடு வந்து எட்டரை மணிக்கே கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தான். அப்போது வாரியத்தின் கார் வந்து நின்றது. இயக்குநரும் இபு ரெத்னோவும் பாக் இம்ரோனும் இறங்கினார்கள். இயக்குநர் கையில் பதினொரு தாள்கள்.

"இபு கர்சினி, ஊர் சார்பா ஒரு சின்னக் கையெழுத்து," என்றார். குரலில் ஏசி இல்லை.

"முதல்ல அந்த உத்தரவை ரத்து பண்ணுங்க, பாக். அப்புறம் நீங்க கொண்டுவந்ததை வாசிக்கிறேன்."

இயக்குநர் சுவாண்டியின் தராசுத் தட்டில் தாளை வைத்து ரத்து எழுதினார். சட்டைப் பையிலிருந்து முத்திரையை எடுத்துக் குத்தினார். பாக் இம்ரோன் வெங்காய மூட்டைமேல் கருவியை வைத்து எண்பத்தேழாம் கேள்விக்கு வந்து, பூஜ்யத்தை அழித்து, கர்சினி சொல்லச் சொல்ல அறுபது நாளையும் ஏற்றினார். ஒன்பது மணிக்கு எல்லோர் கைபேசியும் ஒரே சமயத்தில் கத்தியது.

பதினாறாயிரத்து இருநூறு.

சுவாண்டி கைபேசியை நெருக்கிப் பார்த்தான், தள்ளிப் பார்த்தான்.

"என்ன தம்பி," என்றாள் வஸ்ரோ, "விஞ்ஞானத்துக்கு உடம்பு சரியில்லையா?"

அவன் முனகிக்கொண்டே எடை போட்டான். விதைக்கென்று கட்டிய முடிச்சுகளைக் கர்சினியின் புருஷன் ஒன்றும் குறையாமல் பரணில் ஏற்றினான். கர்சினி பணத்தை இடுப்பில் செருகிக்கொண்டு பதினொரு தாளையும் வாங்கினாள். விரல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள். வெயில் ஏறியது. இயக்குநரின் சட்டை முதுகில் ஒட்டியது.

பாக் இம்ரோன் தனக்கு அக்கா என்று யாரும் பிறக்கவில்லை என்று எழுதியிருந்தார். ஓட்டுநர், இயக்குநரின் மகளோடு நடந்த கல்யாணம் ஒத்திகை என்று எழுதியிருந்தான். கடைசித் தாள் இயக்குநருடையது. 'என்னுடன் இருபத்தேழு ஆண்டாக ஒரே வீட்டில் வசிக்கும் ரெத்னோ என்ற பெண்மணி எனக்கு அறிமுகமில்லாதவர்.' பதினொன்றையும் தட்டச்சு செய்தவள் இபு ரெத்னோ. ஒரு பிழை இல்லை.

கர்சினி தாள்களைத் தட்டிச் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தாள். "வாசிச்சுட்டேன், பாக்."

"கையெழுத்து?"

"நான் எழுத்துப் படிச்சு மூணு வருஷம்தான் ஆகுது. பொய்க்குக் கையெழுத்துப் போட இன்னும் பழகல."

"ஒரு மாசம்! முழுசா ஒரு மாசம் பதினொரு பேர் செஞ்ச வேலை! ஒண்ணுமே இல்லைன்னு போயிடுமா?"

"எனக்கு இதுவரைக்கும் முப்பது வருஷம் போயிருக்கு, பாக். வலிக்காது. அன்புன்னு நினைச்சுக்குங்க."

பெண்கள் வரிசை முழுக்கச் சிரித்தது. இயக்குநர் காருக்குத் திரும்பினார். பாக் இம்ரோன் முன்னதாகவே ஏறி உட்கார்ந்திருந்தார்.

"ரெத்னோ, வண்டில ஏறு."

இபு ரெத்னோ ஏறவில்லை. அவர் கையிலிருந்த கடைசித் தாளை உருவி, நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். வரிசைக்கு வந்து, வஸ்ரோவுக்குப் பக்கத்தில் கிடந்த சாக்கில் உட்கார்ந்தாள்.

"வெங்காயத்தாள் அரிஞ்சா கூடைக்கு எவ்வளவு?"

"ஆறாயிரம்," என்றாள் கர்சினி. "சாயங்காலம் கையில கொடுத்துடுவேன்."

ஒரு கத்தி கைமாறி வந்தது. இபு ரெத்னோ முதல் கொத்தை எடுத்துப் பார்த்து, பக்கத்தில் இருப்பவளைப் போலவே பிடித்து அரிந்தாள்.

இயக்குநர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன பண்றது?" என்றார்.

அவள் தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"அறிமுகமில்லாதவங்ககிட்ட இப்படியெல்லாம் கேக்கலாமா, பாக்?"